நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

மைதானம் முழுக்க அந்தப் பக்கம் ஓடு, அந்தப் பக்கம் ஓடு என்று கத்துகிறார்கள், நான் இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஆமாண்ணே, அது நான்தான். ஃபோனை மறைத்து வைத்துச் சிரிக்க வேண்டாம், வெளியில் எடுத்தே சிரிங்க. விழுப்புரத்தில் ஏறியதிலிருந்து என் மூஞ்சியையும் ஃபோனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வர்றீங்க, எனக்குத் தெரியாதா? மடியில் இருப்பது பைக் ஹெல்மெட் இல்லை. பைக் ஹெல்மெட்டுக்கு முன்னால் ஜன்னல் கம்பி எதற்கு?

அந்த வீடியோவில் கழுதை கத்துகிற சத்தத்தை எவனோ வேலையில்லாதவன் சேர்த்திருக்கிறான். நிஜத்தில் கழுதை எதுவும் கத்தவில்லை. கத்தியது எங்கள் கோச். இன்னொன்று, வீடியோ பாதியில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் என்பதை ஒருத்தனும் போடவில்லை. நாலு பேரைத் தொட்டேன். ஒவ்வொருத்தனும் கதவு மாதிரி இருப்பான். நாலு பேரையும் தொட்டுவிட்டு, யார் கையிலும் சிக்காமல், மூச்சு விடாமல் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தேன். இதில் என்ன தப்பு? கபடியில் நாலு பேரைத் தொட்டுவிட்டு எதிராளி பக்கமே போய் நிற்கிறவனை என்ன சொல்வீங்க? கிறுக்கன் என்பீங்க. திரும்பி வந்தவனைத் தோளில் தூக்குவீங்க. நான் திரும்பி வந்தேன், அவ்வளவுதான். ஆட்டம் வேறயாம். அது அவர்கள் பிரச்சினை.

கடலை எடுத்துக்கோங்க. முதலிலிருந்து சொல்கிறேன், மன்னார்குடி வரைக்கும் எனக்கும் வேலை இல்லை.

என் பேர் நெடுஞ்செழியன். பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். நீ நின்றுவிடுவதுதான் பள்ளிக்கு நல்லது என்று கெமிஸ்ட்ரி சார் சொன்னார், எனக்கும் அப்படித்தான் பட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறியிருக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் என்னை எருமை என்று திட்டுவார்.

படிப்பு வராதே ஒழிய கபடி வரும். பாடிக்கொண்டு எதிராளி பக்கம் போய், தொட்டுவிட்டு வருகிற ஆள் நான். ஒரு போட்டியில் அப்படிப் பாடிப் போகும்போது பார்க்கிறேன், மேடைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் அரை டவுசரோடு உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். கூட ஒரு சென்னை அண்ணன். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் நேராக வந்து என் தொடையைப் பிடித்துப் பார்த்தார்கள். மாட்டுச்சந்தையில்கூட முதலில் பல்லைத்தான் பார்ப்பார்கள்.

"அமெரிக்கன் ஃபுட்பால் தெர்யுமாடா?" என்றார் சென்னை அண்ணன். அவர் பேர் ஜெரால்ட். பெரம்பூர், ரக்பி ஆடியவர்.

"காலால உதைக்கிறதுதானே?"

"இல்ல. கையால தூக்கினு ஓட்றது."

"அப்புறம் ஏன் ஃபுட்பால்னு பேரு?"

ஜெரால்ட் அண்ணன் அதை இங்கிலீஷில் வெள்ளைக்காரரிடம் கேட்டார்.  அவர் இளநீரைக் குடித்து முடித்தார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அவர்தான் கோச் வெர்னன். அமெரிக்காவில் ஏதோ சோளக்காட்டு ஊர். இங்கே புதுசாக லீக் தொடங்குகிறார்களாம், நாலு அணியாம், டிவியில் வருமாம், அந்த ஆட்டத்தைத் தொழிலாகவே ஆடப்போகிற முதல் ஆட்கள் நாங்கள்தானாம். அடுத்த வாரமே கிளம்பிவிட்டேன். அந்த வாரம்தான் எங்கள் ஊர் மின்னொளிக் கபடிப் போட்டி. எங்கள் கபடிக் குழு கேப்டன் காசிராஜனிடம் நான் சொல்லவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் என் ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறான். சொல்லியிருந்தால் விட்டிருப்பானா? விட்டிருக்க மாட்டான். அதனால்தான் சொல்லவில்லை. இது புரிய அவனுக்கு என்ன கஷ்டம்?

அணிக்குப் பேர் சென்னை பஃபலோஸ். அதாவது எருமைகள். அப்பா இத்தனை வருஷம் வாயால் சொன்னதை இவர்கள் சட்டையில் அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். நெடுஞ்செழியன் என்ற பேர் முதுகில் கொள்ளவில்லை. 'நெட்' என்று வெட்டிப் போட்டார்கள். கோச்சும் நெட், நெட் என்றுதான் கூப்பிடுவார். கொசுவலையைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

செங்கல்பட்டைத் தாண்டி ஒரு காலேஜ் மைதானம். நாலு அணிக்கும் அங்கேயே தங்கல், ஒரே மெஸ். ஆட்டம் என்ன என்று கேட்டால், ஆறு நொடி ஆடுவார்கள். அப்புறம் வட்டமாகக் குனிந்து நின்று குசுகுசு என்று பேசுவார்கள், பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் தனியே போய்ப் பேசுவார்களே, அந்த மாதிரி. திரும்ப ஆறு நொடி. திரும்பப் பேச்சு. நாலு தடவைக்குள் பத்து கெஜம் முன்னேறணும், எதிராளியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் ஆறு புள்ளி. இவ்வளவுதான் விஷயம். இதற்குக் கோச் நாள் கணக்காகப் போர்டில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டுக்கொண்டிருந்தார். போர்டு வேண்டாம் என்றுதானே பள்ளிக்கூடத்தையே விட்டேன்.

தடுக்கிற பக்கம் என்னைப் போட்டார். பந்தோடு வருகிறவனைக் கணுக்காலில் பிடித்துச் சாய்க்கணும். அது எனக்குச் சோறு தின்கிற மாதிரி. என் பக்கத்தில் நிற்கிறவன் அழகுமலை. நத்தம் பக்கம். அவனும் கபடிதான், இடுப்பைப் பிடித்தான் என்றால் இந்தப் பஸ்ஸே நிற்கும். லீக்குக்கு வருவதற்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் கரடி வேஷம் போட்டுக் குழந்தைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். உங்களிடம் சொன்னால் என்ன, நீங்க நத்தமா போகப்போறீங்க?

இதில் ஒன்று கவனிங்க. அத்தனை நாள் பயிற்சியில் பந்தை நான் கையால் தொட்டதே இல்லை. காலைப் பிடி, காலைப் பிடி, இதுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. பந்து கையில் வந்தால் என்ன செய்வது என்று சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் மெஸ்ஸில் பூரி போடுகிற நேரத்தில்.

பெங்களூர் அணியோடு ஆட்டம். பார்க்க ஆள் என்றால் இரண்டு வாட்ச்மேன், ஒரு ஐஸ் வண்டிக்காரர், கேமராக்காரர்கள். பெங்களூர்க்காரன் ஒருத்தன் பந்தோடு வந்தான், அழகுமலை இடுப்பில் பிடித்தான், பந்து நழுவி என் காலடியில் உருண்டது. எடுத்தேன். நிமிர்ந்தால் எதிரில் நாலு பேர். அவ்வளவுதான், எனக்கு மைதானம் மறந்துவிட்டது. வாயில் பல்லுக்கு ஒரு ரப்பர் வைத்திருப்பார்கள், அதோடு கபடி என்று சொன்னால் 'கவவி' என்றுதான் வரும். கவவி, கவவி, கவவி. முதல் ஆளைத் தோளில் தொட்டேன், இரண்டாவது ஆளைக் கையில், மூன்றாவது ஆள் பாய்ந்தான், முதுகில் ஒரு தட்டு, நாலாவது ஆளைக் காலால். தொட்டாச்சா? தொட்டாச்சு. மூச்சு இருக்கிறபோதே வீடு போய்ச் சேரணும். திரும்பினேன். ஓடினேன். எங்கள் பக்கம், எங்கள் கடைசிக் கோடு வரைக்கும், கரும்பு ஏற்றின லாரி மாதிரி ஒருத்தன் பின்னால் வருகிறான், விடவில்லை. கோட்டைத் தாண்டித்தான் மூச்சு விட்டேன்.

இனிமேல் நடந்ததுதான் நீங்க பார்த்துச் சிரிக்கிற இடம். நான் ரெஃபரியிடம் போய், அந்த நாலு பேரையும் வெளியே அனுப்புங்க என்று கை காட்டினேன். அவர் பார்த்தார். அவுட் ஆனவன் உள்ளே நின்றால் எனக்குக் கோபம் வருமா வராதா? அப்புறம் எங்கள் பக்கம் வெளியே பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, உள்ள வாங்கடா, நாலு பேர் உயிர் வந்தாச்சு என்று கூப்பிட்டேன். வீடியோவில் நன்றாகப் பாருங்க, இரண்டு பேர் எழுந்து உள்ளே வருகிறார்கள். அவர்களும் கபடிக்காரர்கள். நான் மட்டும் மறந்திருந்தால் என்னைச் சொல்லலாம்.

"இன்னாடா பண்ட்ட?" ஜெரால்ட் அண்ணன் ஓடி வந்தார்.

"நாலு பாயிண்டுண்ணே."

"டேய், அவனுங்களுக்கு ரெண்டு பாயிண்டுடா. உன் கோட்டுக்குள்ள நீயே பந்த எத்துனு போய்க் குட்த்துட்டு வந்துக்கிற."

கோச் தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டார். அதன்மேல் ஏறி மிதித்தார். அப்புறம் ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். தொப்பி என்ன பாவம் செய்தது?

அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஷரத் சார் எனக்குக் காட்டினார். டிவிக்காக இதையெல்லாம் எடுக்கிறவர் அவர்தான். பூஜ்யத்தை எண்ணிக்கொண்டே வந்தேன், நடுவில் விட்டுப்போச்சு. அதுவரை எங்கள் லீக் என்று ஒன்று இருப்பது ஐஸ் வண்டிக்காரருக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து எல்லோருக்கும் தெரிந்தது. செங்கல்பட்டில் முடி வெட்டப் போனால், "தம்பி, முன்னாடி வெட்டணுமா, பின்னாடியா?" என்கிறான். அப்பா ஃபோன் பண்ணினார். திட்டுவார் என்று பார்த்தால், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எனக்கு அதுதான் ரொம்ப ஒரு மாதிரி ஆகிவிட்டது. திட்டியிருக்கலாம்.

அப்புறம் எப்படியோ நாங்கள் ஃபைனலுக்கு வந்தோம். எப்படியோ என்ன, நான் பிடித்த கணுக்காலால் வந்தோம். பூனே அணியோடு ஆட்டம். அதற்கு முந்தின நாள் மெஸ்ஸில் ஷரத் சார் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஜெரால்ட் அண்ணன், கோச், அழகுமலை எல்லோரும் அந்த மேஜையில்தான்.

"தம்பி, இப்ப நீதான் நம்ம ஸ்டார். நாளைக்குக் கூட்டம் வருது, உன்னப் பார்க்கத்தான் வருது. பூனேக்காரங்க உதைக்கிற பந்தைப் பின்னால நின்னு பிடிக்கிற இடத்துல உன்னப் போடச் சொல்லிட்டேன். பிடி. நடுக்கோடு வரைக்கும் போ. அங்க திரும்பு. சிரிச்சுக்கிட்டே ஓடு."

"அது தெரியாமப் பண்ணது சார்."

"தெரிஞ்சு பண்ணா இன்னும் நல்லா வரும்."

"சிரிச்சா யாருக்குத் தெரியும்? ஹெல்மெட் போட்டிருப்பேன்."

"கம்பிக்குள்ள குட்டிக் கேமரா வைக்கிறோம். பூனே டீம்கிட்டயும் பேசியாச்சு. நடுக்கோடு வரைக்கும் யாரும் உன்னத் தொட மாட்டாங்க."

எல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தார். ஜனங்கள் பார்த்தால்தான் சேனல் அடுத்த வருஷமும் லீக்கை எடுக்கும், இல்லாவிட்டால் எல்லோரும் மூட்டையைக் கட்டவேண்டியதுதான் என்று சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார். கோச் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷரத் சார் போனதும் என் தோளில் கையை வைத்து நீளமாக ஏதோ இங்கிலீஷில் பேசினார். பஸ் ஒரு ஊரைத் தாண்டுகிற நேரம் பேசியிருப்பார்.

"என்னண்ணே சொல்றார்?"

ஜெரால்ட் அண்ணன் வேறு எங்கேயோ பார்த்தார். "பாத்து ஓடுடான்றாரு."

அவ்வளவு இங்கிலீஷுக்கு இவ்வளவுதானா தமிழ்? அந்த ஆளுக்குச் சுருக்கமாகப் பேசத் தெரியாது, அதுதான் அவர் பிரச்சினை.

தட்டு கழுவுகிற இடத்தில் அழகுமலை என்னைப் பிடித்துக்கொண்டான். "செஞ்சுட்டுப் போயேன்டா. திரும்பி ஓடத்தான சொல்றாய்ங்க, கெணத்துலயா குதிக்கச் சொன்னாய்ங்க?"

"சிரிப்பாங்கடா."

"என்னைய வருசம் பூராக் கரடியா நிக்க வச்சுச் சிரிச்சாய்ங்க. செத்தா போயிட்டேன்? மறுபடி என்னைய அந்தத் தலைக்குள்ள போகச் சொல்லாத. அதுக்குள்ள வேர்வை நாத்தம் உனக்குத் தெரியாது."

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் கரடித் தலைக்குள் அவன் மூஞ்சி யாருக்கும் தெரியாது. என் மூஞ்சி தெரியும். முடி வெட்டுகிறவனுக்கே தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கழுவினேன். அவன் நான் ஒத்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டான். நான் சொல்லவே இல்லையே, அவனாக நினைத்தால் நான் என்ன செய்ய?

மறுநாள் நிஜமாகவே கூட்டம். பஸ் பஸ்ஸாகக் காலேஜ் பையன்கள். பாதிப் பேர் கழுதை முகமூடி போட்டிருந்தார்கள், ஒருத்தன் பீப்பீ ஊதிக்கொண்டே இருந்தான். நான் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு பேர் எழுந்து நின்றதே இல்லை. எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். மரியாதை அந்த மாதிரி.

பூனேக்காரன் உதைத்தான். பந்து உயரத்தில் போய், வெயிலுக்குள் மறைந்து, இறங்கி நேராக என் நெஞ்சுக்கு வந்தது. பிடித்தேன். ஓடினேன். சொன்னபடியே ஒருத்தனும் வரவில்லை. கவவி, கவவி, கவவி. பக்கத்தில் அழகுமலை ஓடி வருகிறான், "கோடு வருது, கோடு வருது, திரும்பு" என்கிறான். கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் திரும்பு, திரும்பு, திரும்பு. அன்றைக்கு அந்தப் பக்கம் ஓடு என்று கத்தினார்கள், இன்றைக்கு இந்தப் பக்கம். நான் போகிற பக்கத்துக்கு இவர்கள் ஒரு நாளாவது கத்துவார்களா?

நடுக்கோடு வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பூனேக்காரர்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், கல்யாண மண்டப வாசலில் நிற்கிற மாதிரி. அதில் ஒருத்தன், தாடிக்காரன், நான் திரும்புவதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். அதைப் பார்த்தேன். அவனுக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற இடைவெளி இருந்தது. அதையும் பார்த்தேன்.

போனேன்.

பின்னால் அழகுமலை குரல், "டேய் எருமை, அங்க எங்கடா போற?"  அப்புறம், "நாசமாப் போ" என்றான். சொல்லிவிட்டு அவனே என்னைத் தாண்டி முன்னால் வந்து, என் மேல் பாய வந்த இரண்டு பேரை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டான். கோபத்தில் தள்ளினானா, எனக்காகத் தள்ளினானா என்று நான் கேட்கவில்லை. கடைசியில் ஒரே ஆள். கோட்டுக்கு முன்னால் நின்றான், சிரிக்கவில்லை. தலையைக் கொடுத்தேன். ணங்கென்றது. இரண்டு பேரும் பந்துமாக உருண்டோம். நிமிர்ந்து பார்த்தால் கோடு எனக்குப் பின்னால் இருக்கிறது. ரெஃபரி இரண்டு கையையும் மேலே தூக்குகிறார். கூட்டத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. அந்தப் பீப்பீக்காரன் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு தடவை ஊதினான்.

"அவனுங்க சும்மா நின்னுட்டானுங்கடா, அதான் போய்ட்ட" என்றார் ஜெரால்ட் அண்ணன் அப்புறம். சும்மா நின்றானா? கடைசி ஆள் சும்மா நின்றால் ஹெல்மெட்டில் இந்தப் பள்ளம் எப்படி விழுந்தது? தொட்டுப் பாருங்க. இன்னும் அழுத்திப் பாருங்க. நடுக்கோடு வரைக்கும் வேண்டுமானால் சும்மா வந்தது என்று வைத்துக்கோங்க. அதற்கு அந்தப் பக்கம் என்னுடையது.

நாங்கள் தோற்றோம். எங்கள் பக்கம் மொத்தமே ஆறு புள்ளி. அந்த ஆறும் நான்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டார்கள். மெஸ்ஸில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். பந்து உயரத்தில் போகிறது, நான் பிடிக்கிறேன், ஓடுகிறேன், நடுக்கோடு வருகிறது, அங்கே வெட்டி, பழைய ஓட்டத்தை ஒட்டிவிட்டார்கள். பெங்களூர் ஆட்டத்தில் நான் திரும்பி ஓடினேனே, அதை. சட்டை ஒன்றுதானே, யாருக்குத் தெரியும்? கழுதைச் சத்தத்தோடு எங்கள் கோட்டுக்குள் போய் விழுகிறேன். ஆறு புள்ளி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. யார் புள்ளியைப் பார்க்கிறார்கள்? அவ்வளவு ஒட்டியும் சேனல்காரன் அடுத்த வருஷம் வேண்டாம் என்றுவிட்டான். அது என்னால்தான் என்று பாதிப் பேர் என்னிடம் பேசவில்லை. அழகுமலை சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டான். சொல்லாமல் போகிறவனை எனக்குப் பிடிக்காது. நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு கரடிப் படம் அனுப்பியிருக்கிறான். தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்கிறான். கீழே ஒன்றும் எழுதவில்லை. திட்டுகிறானா, விளையாடுகிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா, பாருங்க.

இந்த ஹெல்மெட்டைக் கோச்தான் கொடுத்தார். திருப்பிக் கொடுக்கணும் என்று எடுத்துப் போனேன், வாங்கிப் பார்த்தார், பள்ளத்தைக் கட்டை விரலால் தடவினார், திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மெஸ் காரச் சட்னி அந்த ஆளுக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. ஏதோ சொன்னார். ஜெரால்ட் அண்ணன் பக்கத்தில் இல்லை, அதனால் என்ன சொன்னார் என்று தெரியாது. பேரை மட்டும் முழுசாகச் சொல்லிப் பார்த்தார். பாதியில் சிக்கிக்கொண்டார்.

நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கணும். பஸ் ஸ்டாண்டுக்குக் காசிராஜன் வருவானா தெரியாது, இந்தப் பஸ்ஸில் வருகிறேன் என்று மெசேஜ் போட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்திருக்கிறது. வந்தால் அவனும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வருவான். நீங்களும் அதை அழிக்க வேண்டாம், வைத்துக்கோங்க. யாருக்காவது காட்டும்போது இது முதல் ஆட்டம் என்று மட்டும் சொல்லுங்க. இரண்டாவது ஆட்டத்தில், நடுக்கோடு வரைக்கும் போகச் சொன்னார்கள், போனேன். அங்கே திரும்பிச் சிரித்துக்கொண்டே ஓடச் சொன்னார்கள். நான் திரும்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.